ஞாயிற்றுக்கிழமை சாலை போட்ட சகாயோ

சகாயோ லபாத்தியை அரசியலுக்கு இழுத்து வந்தது அவருடைய தங்கை ஹினாவின் பிரசவ வலி.

அப்போது சகாயோவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மோட்டுலோவா தீவின் பொதுப்பணித் துறையில் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தார். தீவில் இருந்ததே இரண்டு புல்டோசர்கள். ஒன்று எப்போதும் பழுதாகிக் கிடக்கும், ஓடுகிற வண்டிக்கு அவர்தான் டிரைவர். எங்கள் ஊர் வைத்தாஹி, தீவின் மறுகோடியில், கடலுக்கு நேர்மேலே செங்குத்துப் பாறையின் விளிம்பில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் காட்டு வழியாகத் தலைநகரத்துக்குப் போக வேண்டும். பவளக்கல் ஈட்டி ஈட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும் பாதை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஹினாவை லாரியின் பின்னால் பாய் விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் அச்சு முறிந்தது. குழந்தை நடுக்காட்டில் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்ததைக் கர்த்தருடைய கிருபை என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை ஊரே வெள்ளை உடுப்பில் தேவாலயத்தில் இருந்தது. எங்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தூண்டிலைக்கூடத் தொடமாட்டார்கள். போதகர் ஜெபத்தில் இருந்தபோது வெளியே புல்டோசர் உறுமியது. முதலில் எழுந்து ஓடியவர் இகிமோட்டு. ஹினாவின் கணவர், தேவாலயத்து மூப்பர்களில் வயதில் இளையவர், கண்டிப்பில் மூத்தவர். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"மச்சான், நிறுத்துடா! இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?"

"தெரியும். நேத்து என்ன கிழமைன்னு உனக்குத் தெரியுமா? உன் பொண்டாட்டி காட்டுல கத்துன கிழமை."

"நாளைக்குப் போடு. நானே வந்து கல்லு பொறுக்கிப் போடறேன்."

"நாளைக்கு இந்த வண்டி மந்திரி வீட்டு வாசல்ல ரோடு போடப் போகுது. இன்னிக்குத்தான் சும்மா நிக்குது. நகரு."

இகிமோட்டு நகரவில்லை. சகாயோ வண்டியை அவரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். பொழுது சாயும்போது பாதை பாய் விரித்ததுபோலச் சமமாகியிருந்தது.

திங்கட்கிழமை அவருக்கு வேலை போயிற்று. தேவாலயத்தில் திருவிருந்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடையும் போட்டார்கள். அடுத்த வருஷம், ஊருக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிற சட்டசபைத் தேர்தல் வந்தபோது ஊரில் பாதிப் பேர் அவர் வீட்டுக்குப் போய், நீங்கள்தான் நிற்க வேண்டும் என்றார்கள். மீதிப் பாதி இகிமோட்டுவை நிறுத்தியது.

"உன் பொண்டாட்டிக்காகத்தானேய்யா அந்த மனுஷன் ரோடு போட்டாரு? அவரையே எதிர்த்து நிக்கிறியே?" என்று யாரோ கேட்டதற்கு இகிமோட்டு சொன்ன பதிலை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்: "என் பொண்டாட்டிக்காகத்தான் போட்டான், ஒத்துக்கிறேன். திங்கட்கிழமை போட்டிருக்கலாமில்ல?"

நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வாக்கு எண்ணுகிற வேலை டீச்சருடையது என்பது எங்கள் வழக்கம். ஊரில் ஓட்டுப் போடுகிறவர்கள் அறுபது பேருக்குள்தான் இருப்பார்கள். எண்ணி முடித்தேன், இரண்டு பேருக்கும் சமம். மறுபடி எண்ணினேன், சமம். சட்டப்படி சீட்டு எடுக்க வேண்டும். போதகருடைய ஓலைத் தொப்பியில் இரண்டு பெயர்களையும் எழுதிப் போட்டேன். போதகர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டில் சகாயோ என்று இருந்தது.

இகிமோட்டு எழுந்து மச்சானின் கையைக் குலுக்கினார். "கர்த்தரே தீர்ப்புச் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சவன்தான் அவருக்கு வேணுமாம். நான் என்னத்தச் சொல்ல?"

ஹினா யாருக்கு ஓட்டுப் போட்டாள், அண்ணனுக்கா, புருஷனுக்கா? யார் கேட்டாலும் "புள்ளைக்குப் பால் குடுக்கணும்" என்று எழுந்து போய்விடுவாள்.

இப்படி வந்தவர் நான்கு தடவை தொடர்ந்து உறுப்பினராக இருந்தார். சட்டசபையில் நீளமாகப் பேசினார் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் பேச்சில், "எங்கள் ஊரில் தண்ணித் தொட்டி ஓட்டையாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சபாநாயகர், மேலே பேசலாம் என்றாராம். "தொட்டிய அடைச்சதுக்கு அப்புறம் பேசறேன்" என்றாராம் இவர்.

சின்னத் தீவில் உறுப்பினர் வேலை என்பது சபையில் இல்லை. சாவு விழுந்தால் முதல் ஆளாகக் குழி வெட்டப் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் வருகிற விமானத்தில் நோயாளிக்கு இடம் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்கு எல்லைத் தகராறு வந்தால் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரிடமும் திட்டு வாங்க வேண்டும். சகாயோ இதெல்லாம் சலிக்காமல் செய்தார். இகிமோட்டு ஒவ்வொரு தேர்தலிலும் எதிர்த்து நின்று ஒவ்வொரு தடவையும் தோற்றார். தேர்தல் முடிந்த சனிக்கிழமை இரண்டு குடும்பமும் ஒரே மண் அடுப்பில் பன்றியைப் புதைத்து வாட்டிச் சாப்பிடும்.

அவருக்கு இருந்த ஒரே பெரிய கவலை, ஊர் காலியாகிக்கொண்டு வந்தது. விமானம் ஒவ்வொரு வாரமும் இரண்டு பேரையாவது கடல் தாண்டி ஆக்லாந்து நகரத்துக்கு அள்ளிக்கொண்டு போகும். வீடுகளுக்குப் பூட்டு விழும், கூரைக்குள் பப்பாளி முளைக்கும். என் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு வருஷம் பெஞ்சுகள் மிச்சமாயின. சகாயோ மேடைக்கு மேடை சொல்வார்: "போகாதீங்க. போனவங்களும் திரும்பி வாங்க. இங்க நிலம் இருக்கு, மீன் இருக்கு. அங்க போய் யாரோ ஒருத்தன் வெங்காயத்த மூட்டை கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அவருடைய மூன்று பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக ஆக்லாந்து போனார்கள்.

ஐந்தாவது தேர்தல் கூட்டத்தில் இகிமோட்டு இதைப் பிடித்துக்கொண்டார். "எங்க உறுப்பினர் எல்லாரையும் திரும்பி வரச் சொல்றாரு. ரொம்ப நல்லது. மச்சான், உன் பொண்ணு லோசா எப்ப வர்றா?"

கூட்டம் சிரித்தது. சகாயோ மைக்கைப் பிடித்தபடி நின்றார். "கேட்டுச் சொல்றேன்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். பின்வரிசையில் அவர் மனைவி தலிதா மட்டும் சிரிக்கவில்லை. விசிறிக்கொண்டிருந்த ஓலையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

அந்தத் தேர்தலில் ஒரே ஒரு ஓட்டில் சகாயோ தோற்றார்.

மறுநாள் காலை நடந்ததைத் தலிதாவே பின்னால் என்னிடம் சொன்னாள். அவள் சமையல் கொட்டகையில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாளாம். இவர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு ஒவ்வொரு வீடாக யோசித்துக்கொண்டிருந்தாராம்.

"நம்ம ஓட்டு ஒண்ணு அந்தப் பக்கம் ஓடியிருக்கு தலிதா. யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"தேட வேண்டாம். நான்தான் போட்டேன்."

சகாயோ நடப்பதை நிறுத்தினார். "என்ன சொன்ன?"

"இகிமோட்டுக்குப் போட்டேன். லோசாவுக்கு ரெண்டாவது புள்ள பொறந்து வருஷம் ஒண்ணாகுது. நீங்க பாத்தீங்களா? நான் பாத்தேனா? கேட்டா, சபை இருக்கு, சாவு இருக்கு, தொட்டி இருக்குங்கிறீங்க. ஜெயிச்சா இன்னும் அஞ்சு வருஷம். தோத்தாத்தான் என்கூட வருவீங்க. அதான் போட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எத்தன தடவ சொன்னேன்? ஊர்ல எவன் வந்து சொன்னாலும் கேக்கறீங்க. நான் சொன்னா மட்டும் உங்களுக்குக் காது அடைச்சிக்குது. ஓட்டுப் போட்டுச் சொன்னாத்தான் கேக்குது."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆனால் அந்த மாதக் கடைசி விமானத்தில் இரண்டு பேரும் ஏறினார்கள். வழியனுப்ப வந்த இகிமோட்டு புது உறுப்பினருக்குரிய முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சட்டைதான் போட்டிருந்தாரே தவிர, முகம் செத்த வீட்டு முகமாக இருந்தது. மச்சான் இல்லாத ஊரில் யாரோடு சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷப் பள்ளி விடுமுறையில் நான் என் அண்ணன் வீட்டுக்கு ஆக்லாந்து போனபோது சகாயோவைப் பார்த்தேன். லோசாவின் வீட்டு முன்னறையில் கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன வேல பாக்கறீங்க அண்ணே?"

"கேக்காத டீச்சர். வெங்காயம் மூட்டை கட்டறேன்" என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். தலிதா உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, என்ன சிரிப்பு என்று கேட்டாள். அவள் முகத்தில் நான் முன்பு பார்க்காத ஒரு நிறைவு இருந்தது. அவர் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஆட்கள் யார் செத்தாலும் உடலை ஊருக்கு அனுப்புவதற்கு அலைந்தார். யாருக்கு வேலை போனாலும் தொழிற்சாலைக் காவலாளியோடு பேசி உள்ளே சேர்த்துவிட்டார். ஆனாலும் விடைபெறும்போது வாசல்வரை வந்தவர், மெதுவாகக் கேட்டார்: "நம்ம ரோட்டுல இப்ப புல்லு மொளச்சிருக்கும், இல்ல?"

அவர் போன மூன்றாம் வருஷம் புயல் வந்தது.

அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. கடல் அவ்வளவு உயரப் பாறையை ஏறி வரும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. மதியத்துக்கு மேல் முதல் அலை விளிம்பில் இருந்த வீடுகளின் கூரையைப் பிடுங்கியது. எல்லோரும் காட்டுப்பக்கம் ஓடினோம். ஹினா பாதி தூரம் வந்தவள், பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாளின் நினைவு வந்து திரும்பி ஓடினாள். இகிமோட்டு அவள் கையைப் பிடித்தார், உதறிக்கொண்டு போனாள். அடுத்த அலை ஹினாவையும் அந்த அம்மாளையும் கொண்டுபோயிற்று. மூன்றாம் நாள் ஹினாவின் உடல் மட்டும் கிடைத்தது. எங்கள் வழக்கப்படி வீட்டு முற்றத்தில் அடக்கம் செய்தோம். வீடு இல்லை, முற்றம் மட்டும் இருந்தது.

நிவாரணச் சாமான் ஏற்றிவந்த முதல் விமானத்தில் சகாயோவும் வந்து இறங்கினார். தலிதா பேரப்பிள்ளைகளோடு தங்கிவிட்டாள். நேரே கல்லறைக்குப் போனார். இகிமோட்டு அதன் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா" என்றார்.

"ம்."

"சாப்ட்டியா?"

"பிளேன்ல குடுத்தாங்க."

சகாயோ பக்கத்தில் உட்கார்ந்தார். இகிமோட்டு சொன்னார்: "என் கையத்தான் உதறிட்டுப் போனா மச்சான். இறுக்கிப் பிடிச்சிருந்தா போயிருக்கமாட்டா."

"யாரு, அவளா? சின்ன வயசுலயே யார் பிடிச்சாலும் நிக்கமாட்டா. அம்மா சொன்னாக் கேட்டாளா, நான் சொன்னாக் கேட்டாளா? உன் பேச்சக் கேட்டிருப்பாளா?"

இகிமோட்டு பதவியை விட்டு விலகினார். இடைத்தேர்தலில் சகாயோவை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. எனக்கு எண்ணுகிற வேலையே இல்லாமல் போயிற்று. ஆனால் திரும்பி வந்தது பழைய சகாயோ அல்ல. முன்பெல்லாம் நாலு பேரைக் கேட்டுத்தான் எதையும் செய்வார். இப்போது யாரையும் கேட்கவில்லை. ஊர் மேட்டுக்குப் போக வேண்டும், பாறை விளிம்பில் ஒரு வீடும் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார். காட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருந்த தன் குடும்பத்துத் தோட்ட நிலம் முழுவதையும் ஊருக்கு எழுதிக்கொடுத்தார். வீடு கட்டுகிற மரமும் தகரமும் மேட்டில் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று சட்டசபையில் தீர்மானமும் வாங்கிவிட்டார். அதற்காக அவர் பேசியதுதான் அவருடைய வாழ்நாளிலேயே நீளமான பேச்சு என்பார்கள்.

தீர்மானம் நிறைவேறியதைச் சொல்ல ஊர்க்கூட்டம் போட்டார். தேவாலயத்தின் கூரையில்லாத கூடத்தில் கூடினோம். அடிதடி ஒன்றுதான் நடக்கவில்லை.

"படகை எங்க கட்டறது? மரத்துலயா?" என்றார் ஒருவர்.

"எங்க அப்பன் பாட்டன் எல்லாம் இங்க கிடக்கறாங்க. அவங்கள யார் பாத்துப்பா?"

"மூணு வருஷம் வெள்ளைக்காரன் ஊர்ல இருந்துட்டு வந்து எங்கள வெரட்டறியா?"

சகாயோ எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "மறுபடி வரும்."

கடைசியாக இகிமோட்டு எழுந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "மச்சான், ஹினா இங்க இருக்கா. அவள இங்க தனியா விட்டுட்டு நான் மேல போய்க் கால நீட்டித் தூங்கணுமா?"

அதோடு கூட்டம் கலைந்தது.

அவர் முதலில் தன் வீட்டை மேட்டில் கட்டிக்கொண்டார். ஒரு வருஷம் தனியாகத்தான் அங்கே இருந்தார். பிறகு ஒரு நாள் விமானத்திலிருந்து தலிதா இரண்டு பெட்டியும் ஒரு மின்சாரச் சோற்றுப் பானையுமாக இறங்கினாள். "பேரப்புள்ளைங்க பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிட்டாங்க. நாள் பூரா என்ன பண்றது?" என்றாள் என்னிடம். பிறகு, "அவர் போன்ல இருமறது நல்லாயில்ல. அதான் வந்தேன்" என்றாள். அவள் வந்தபின் ஒவ்வொரு குடும்பமாக மேலே போகத் தொடங்கியது. தகரம் வேண்டும், வேறு வழியில்லை. நானும் போனேன். இகிமோட்டுவும் அவரோடு நாலைந்து குடும்பங்களும் கீழேயே உடைந்த பலகைகளைக் கொண்டு கட்டிக்கொண்டார்கள்.

அடுத்த தேர்தலில் இகிமோட்டு நின்றார். நான் எண்ணினேன். சகாயோவின் பெயர் வந்த சீட்டுகளை ஒரு கையில் அடக்கிவிடலாம். மேட்டில் புது வீட்டில் இருந்தவர்கள்கூட அவருக்குப் போடவில்லை. மறுநாள் அவர் பக்கத்து வீட்டுக்காரரை வேலி ஓரம் நிறுத்திக் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"வீடு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு சகாயோ. காத்தோட்டமா இருக்கு. மழைக்கு ஒழுகல."

"அப்புறம் ஏன் இகிமோட்டுக்குப் போட்ட?"

"வீடு வேற, கோவம் வேற."

சகாயோ தலையாட்டினார். அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டவர் மாதிரி இருந்தது.

தோல்வி அவரை உள்ளே அரித்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாவு வீடுகளில் குழி வெட்ட முதல் ஆளாகப் போகிறவர், இப்போது வெட்டி முடிந்தபின் வந்து பின்னால் நின்றார். தலிதா என்னிடம், "இந்தத் தடவ நான் அவருக்குத்தான் போட்டேன் டீச்சர். சொன்னா நம்பமாட்டேங்கறாரு" என்று குறைப்பட்டாள்.

நாலைந்து வருஷம் கழித்து மறுபடியும் புயல் வந்தது. முன்னதைவிடச் சிறியது. இந்தத் தடவை எச்சரிக்கை கிடைத்தவுடன் இகிமோட்டுவே கீழே இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். ராத்தங்கல் சகாயோ வீட்டில். கடல் மறுபடி பாறை ஏறியது. பழைய ஊரில் மிச்சமிருந்த பலகை வீடுகளையும் துடைத்துக்கொண்டு போயிற்று. ஆள் சேதம் இல்லை. யாரும் சகாயோவிடம் வந்து, நீ சொன்னது சரி என்று சொல்லவில்லை. அவரும் யாரிடமும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து இகிமோட்டு தோட்டத்துக்கு வந்தார். சகாயோ கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுக்கு இலை பறிக்கப் போயிருந்தேன்.

"மச்சான், கல்லறை ஓரம் மண்ணு சரிஞ்சிருக்கு. அவள மேல கொண்டாரணும்."

சகாயோ கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்தார். "எப்போ?"

"நீ எப்ப சொல்றியோ அப்ப."

"என்னக் கேக்கறியா? நீதானே உறுப்பினர்."

"உன் தங்கச்சிடா."

திங்கட்கிழமை காலையில் போதகர் ஜெபம் செய்தார். இரண்டு பேருமே தோண்டினார்கள். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. ஊர்ப் பிள்ளைகள் லாரி கொண்டுவந்திருந்தார்கள். இகிமோட்டு வேண்டாமென்றார். எலும்புகளைப் புதுத் துணியில் சுற்றிப் புதுப் பெட்டியில் வைத்து, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபதை நெருங்கும் வயது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். நாங்கள் பின்னால் பாடிக்கொண்டே போனோம். சகாயோ ஊருக்குக் கொடுத்த நிலத்தில், பெரிய பலாவுக்குப் பக்கத்தில் ஹினாவை வைத்தோம். இகிமோட்டு அதற்கு எதிரிலேயே வீடு கட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் சகாயோ தேர்தலில் நிற்கவில்லை. இகிமோட்டுதான் இன்றும் எங்கள் உறுப்பினர். சட்டசபை கூடுகிற நாட்களில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவார்கள். ஒருவர் உள்ளே உறுப்பினர் நாற்காலியில், மற்றவர் பொதுமக்கள் பெஞ்சில். போன மாதம் மேட்டு ஊருக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டுப் பேச எழுந்த இகிமோட்டு, வழக்கம்போல வேதாகமத்தில் தொடங்கிக் குழாய்க்கு வந்துசேரவே இல்லை. பெஞ்சிலிருந்து சகாயோ பொறுமையிழந்து கத்திவிட்டார்: "குழாயச் சொல்லு மச்சான், குழாய!"

சபாநாயகர் மேசையைத் தட்டினார். சகாயோவை வெளியே போகச் சொன்னார்கள். வெளியே மரத்தடியில் பொதுப்பணித் துறைப் பொறியாளர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சகாயோ அவரிடம் நெருப்பு கேட்டார், ஊர் எது என்று விசாரித்தார், அவருடைய தாய்மாமனோடு தான் மீன் பிடித்த கதையைச் சொன்னார். உள்ளே இகிமோட்டு பேசி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அடுத்த கப்பலில் வருகிற குழாயில் எங்கள் ஊருக்கு எவ்வளவு என்பது பேசி முடிந்திருந்தது.

"என்ன, உன்ன வெளிய தள்ளிட்டாங்களாமே?" என்றார் இகிமோட்டு.

"ஆமா. நீ பேசினது எப்படி?"

"ரொம்ப நல்லாப் பேசினேன்."

"அப்படியா. வண்டிய எடு, தலிதா மீன் வாங்கிட்டு வரச் சொன்னா" என்றார் சகாயோ.